கோட்டுக்கு வெளியே காத்திருத்தல்

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை. நண்பகலுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. லாஸ் ஏஞ்சலஸின் தென்கிழக்கே உள்ள செரிட்டோஸ் என்ற ஊருக்கு மேலே, ஏறக்குறைய 6,500 அடி உயரத்தில், இரண்டு விமானங்கள் மோதின. ஒன்று, மெக்சிகோ சிட்டியில் கிளம்பி, வழியில் பல ஊர்களில் இறங்கி ஏறி, லாஸ் ஏஞ்சலஸில் தரையிறங்க வந்துகொண்டிருந்த ஏரோமெக்சிகோவின் டிசி-9. மற்றது, நான்கு பேர் உட்காரக்கூடிய பைப்பர் ஆர்ச்சர். டாரன்ஸ் என்ற சிறு விமான நிலையத்திலிருந்து பிக் பேர் மலையூருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தது ஒரு குடும்பம்: கணவன், மனைவி, மகள். பெரிய விமானத்தில் 64 பேர், சிறியதில் 3 பேர், கீழே தங்கள் பாட்டுக்கு விடுமுறைநாளைக் கழித்துக்கொண்டிருந்த 15 பேர். மொத்தம் 82 பேர் இறந்தார்கள். அன்று வானம் தெளிவாக இருந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தைச் சூழ்ந்த வான்வெளிக்கு அப்போது முனையக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று பெயர். அனுமதி பெறாத எந்த விமானமும் அதற்குள் நுழையக் கூடாது. பைப்பர் விமானி அனுமதி பெறவில்லை. வேண்டுமென்று அத்துமீறியவரும் அல்லர். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அவர் கவனப்பிசகாக உள்ளே வந்துவிட்டார் என்றே எழுதியது. அவர் விமானத்தில் உயரத்தைத் தெரிவிக்கும் கருவி இல்லை. ஆகவே அது எந்த உயரத்தில் பறக்கிறது என்பது ரேடார் திரையில் தெரிய வழியில்லை. அங்கே பணியிலிருந்த கட்டுப்பாட்டாளர் அந்த நிமிடங்களில், அதே போல் அனுமதியில்லாமல் உள்ளே வந்துவிட்ட வேறொரு சிறு விமானத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். மோதலைத் தடுக்கக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போதிய வழி இல்லாததையே வாரியம் மூலகாரணமாகச் சொன்னது. அனுமதியற்ற நுழைவும், கண்ணால் பார்த்து விலகிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின் வரம்பும் அதற்குத் துணைக்காரணங்கள்.

நம் வீடுகளில் 'தெரியாமல் நடந்துவிட்டது' என்று சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும். குழந்தை உடைத்த பாத்திரத்துக்கும் விருந்தாளி மிதித்த கோலத்துக்கும் அந்த மன்னிப்பு தகும். ஆனால் வேறு சில இடங்கள் இருக்கின்றன. அங்கே காலை எடுத்து வைப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் கிளம்பியதுதான் பிழை, மற்றவை அதன் பின்விளைவு. நோயாளிக்கு ஊசி போடும் இடம் அப்படிப்பட்டது. பிறர் பணத்தைக் கையாளும் இடம் அப்படிப்பட்டது. வான்வெளியைப் போல இதைக் கண்டிப்பாகக் கற்றுத்தரும் இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. விமானம் ஓட்டக் கற்கிறவர்களுக்கு மட்டுமான பாடமாக அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அமெரிக்காவில் மாணவ விமானி விரித்துப் படிக்கும் வரைபடத்தை செக்‌ஷனல் என்பார்கள். 1:5,00,000 அளவு, ஓர் அங்குலத்துக்குள் ஏறத்தாழ 7 கடல் மைல் அடங்கும். மலை, ஏரி, நெடுஞ்சாலை, ரயில் தடம், உயர்மின்கம்பிப் பாதை, பந்தயத்திடல் எல்லாம் அதில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிறவை இவை. வரைபடத்தையும் தரையையும் மாறிமாறிப் பார்த்து, நான் இங்கே இருக்கிறேன் என்று உறுதிசெய்துகொள்ள உதவுகிறவை. இவற்றின் மீதே இன்னொரு தொகுதிக் கோடுகள் ஓடுகின்றன. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வெளியே அவை தென்படாது. அழுத்தமான நீலக்கோடு, மிகப் பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த 'பி' வகுப்பு வான்வெளி. அழுத்தமான மெஜந்தாக் கோடு 'சி' வகுப்பு. விட்டுவிட்டு ஓடும் நீலம் 'டி'. ஓரம் மங்கிய மெஜந்தாப் பட்டைக்குள் தரையிலிருந்து 700 அடியில் 'இ' தொடங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து 18,000 அடியில் தொடங்கும் 'ஏ' வகுப்பு இந்தத் தாளில் வரையப்படுவதே இல்லை. இவற்றில் எதுவும் ஆகாத மிச்சம் 'ஜி', கட்டுப்பாடற்ற வெளி. செரிட்டோஸ் காலத்து முனையக் கட்டுப்பாட்டுப் பகுதிகள்தாம் 1993-இல் 'பி' வகுப்பு என்று பெயர் மாறின.

'பி' வகுப்பின் வடிவம், கொலுப்படியைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல இருக்கும். ஓடுபாதையை ஒட்டிய பகுதியில் தரையிலிருந்தே தொடங்கும். விலகிப் போகப்போக அதன் அடித்தளம் படிப்படியாக உயரும். ஒரு படிக்குள் மேலே 100, கீழே 40 என்று பின்னம் போல அச்சிட்டிருந்தால், 4,000 அடியிலிருந்து 10,000 அடிவரை அது மூடிய வெளி. அதற்கடியில் 3,900 அடியில் போகிறவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. 4,000-ஐத் தொட்டால் அத்துமீறல். உயரமானியில் அன்றைய காற்றழுத்தத்தை வைக்கும்போது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால், காட்டும் உயரம் 100 அடி பிசகும். விமானி தன் கணக்கில் சரியாகத்தான் பறந்துகொண்டிருப்பார்.

இதை எப்படிப் படிப்பது என்பதில்தான் வழி பிரிகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகள் கலிஃபோர்னியாவுக்கும் அரிசோனாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் பறக்கக் கற்க வருகிறார்கள். பலருக்குக் கடன், சில குடும்பங்களில் நிலம் கைமாறியிருக்கும். எஞ்சின் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் காசு கரைகிறது. சீக்கிரம் தேர்வெழுதி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில், எந்த வகுப்புக்கு எவ்வளவு தெரிவுநிலை, மேகத்திலிருந்து எத்தனை அடி விலக வேண்டும் என்பதையெல்லாம் வாய்ப்பாடாக உருப்போடுகிறார்கள். தனியார் விமானிக்கான எழுத்துத்தேர்வில் 60 கேள்விகள். நூற்றுக்கு 70 வாங்கினால் தேர்ச்சி. மீதி முப்பதில் எது தெரியாமல் போனால் பரவாயில்லை? இந்தக் கேள்வியை அந்த விதிமுறையே எதிர்கொண்டிருக்கிறது. தவறவிட்ட பகுதிகளைப் பயிற்றுநர் மறுபடி கற்பித்து, கற்பித்தேன் என்று கையெழுத்திட்ட பிறகுதான் பறத்தல் தேர்வுக்குப் போக முடியும். மதிப்பெண் வந்த பிறகும் தெரியாததைத் தேடிப் போகச் சொல்லும் ஏற்பாடு நம் பள்ளி கல்லூரிகளில் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். தேர்ச்சி பெற்ற தாளை நம் பிள்ளைகள் திரும்ப எடுத்துப் பார்ப்பதில்லை. நாமும் பார்க்கச் சொல்வதில்லை.

உருப்போட்டவருக்குத் தெரியாமல் போவது, ஒவ்வொரு கோடும் கேட்கும் அனுமதி வேறுவேறு என்பதன் உட்பொருள். 'சி', 'டி' வகுப்புகளுக்குள் நுழைய, கட்டுப்பாட்டாளரோடு ரேடியோவில் இருவழித் தொடர்பு ஏற்பட்டால் போதும். அவர் விமானத்தின் அழைப்புக்குறியைச் சொல்லி 'காத்திருங்கள்' என்று மட்டும் சொன்னால்கூட, தொடர்பு ஏற்பட்டுவிட்டது, நுழையலாம். 'அழைத்த விமானம் காத்திருக்கவும்' என்று பொதுவாகச் சொன்னால் நுழையக் கூடாது. அவர் யாருக்குப் பதில் சொன்னார் என்பது நிச்சயமாகவில்லை. ஒரே நேரத்தில் மூன்று பேர் அழைத்திருக்கலாம். 'பி' வகுப்பில் அழைப்புக்குறியும் போதாது. உள்ளே வர அனுமதி என்று வெளிப்படையாக, அந்தச் சொற்களிலேயே வர வேண்டும். அவர் நான்கு இலக்கக் குறியீட்டு எண் தந்திருக்கலாம். ரேடாரில் தெரிகிறீர்கள் என்று சொல்லியிருக்கலாம். குரலில் கனிவு இருக்கலாம். அவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு அனுமதி என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஐயமிருந்தால் ஒரே வழிதான்: அனுமதி தந்தீர்களா என்று திரும்பக் கேட்பது.

மௌனம் சம்மதம் என்பது நம்மிடம் வேரூன்றிய வழக்கு. அந்த ஒரு சொல்லை வைத்து எத்தனை பேர் வாழ்க்கைக்குள் அனுமதியின்றி நுழைந்திருக்கிறோம்! பெண் தலைகுனிந்து நின்றதைப் பார்த்து முடித்த சம்பந்தங்கள். தம்பி வாய் திறக்காததைப் பார்த்து எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரங்கள். மருத்துவர் அவசரமாகச் சொன்னதற்கு நோயாளி தலையாட்டியதையே ஒப்புதலாகக் கொண்ட சிகிச்சைகள். கேட்டோம், மறுக்கவில்லை என்று பிறகு சொல்லிக்கொள்கிறோம். கேட்டவர் பலமுள்ளவராகவும் பதில் சொல்ல வேண்டியவர் பலமற்றவராகவும் இருந்தபோது, பதிலாக வந்த மௌனத்தில் என்ன இருந்தது என்று நாம் ஆராய்வதில்லை. 'பி' வகுப்பின் விதி இந்த இடத்தில் மிக உயர்ந்த ஒழுக்கமாக எனக்குப் படுகிறது. பதில் தெளிவாக வரவில்லை என்றால் அது பதிலே இல்லை; அதைத் தெளிவாக்கிக்கொள்ளும் பொறுப்பு நுழைய விரும்புகிறவருடையது.

பதில் வரும்வரை என்ன செய்வது? கோட்டுக்கு வெளியே வட்டமிட வேண்டும். எழுதுவதற்கு இது எளிது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் ஏன் சுற்றுகிறோம் என்பார். எரிபொருள் குறைந்துகொண்டே வரும். கட்டுப்பாட்டாளர் பத்துப் பெரிய விமானங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருப்பார். சிறு விமானத்துக்கு நேரமில்லை, வெளியிலேயே இருங்கள் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. அந்த நேரத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பது அவர் கிளம்புவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. காத்திருக்கும் அளவுக்கு எரிபொருள் எடுத்துக்கொண்டாரா? அனுமதி கிடைக்காவிட்டால் சுற்றிப் போகும் வழியை வரைபடத்தில் முன்பே போட்டுவைத்தாரா? போட்டுவைத்தவர் அமைதியாகக் காத்திருப்பார். மற்றவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கோடு நகர்ந்து வழிவிடுவது போலத் தோன்றும். மறுப்பைத் தாங்க ஏற்பாடு செய்துகொள்ளாதவர் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும், அவர் கேட்பதில் ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது. கடன் கேட்கிறவர்கள், மன்னிப்புக் கேட்கிறவர்கள், அன்பைக் கேட்கிறவர்கள் எல்லோரிடமும் இதைக் கண்டிருக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்துக்கு நேர் மேலே, அந்த 'பி' வகுப்பின் நடுவிலேயே, யாரிடமும் அனுமதி கேட்காமல் சிறு விமானங்கள் கடந்து போக ஒரு வழி இருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். சிறப்பு விதிப் பகுதி என்று அதற்குப் பெயர். சாண்டா மோனிகாவின் வழிகாட்டு ரேடியோ நிலையத்திலிருந்து 132 டிகிரியில் ஓடும் ஒரே கோடு. தென்கிழக்கே போகிறவர்கள் 3,500 அடியில், வடமேற்கே வருகிறவர்கள் 4,500 அடியில். வேகம் மணிக்கு 140 கடல் மைலைத் தாண்டக் கூடாது. ரேடாருக்குப் பதில் தரும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியில் 1201 என்ற எண். விளக்குகள் எரிய வேண்டும். ஜெட் விமானங்களுக்கு இடமில்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு: காலாவதியாகாத லாஸ் ஏஞ்சலஸ் முனைய வரைபடம் விமானத்துக்குள் இருக்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தால், உலகின் மிக நெரிசலான ஓடுபாதைகளுக்கு மேலாகப் போகலாம். கட்டுப்பாட்டாளர் பேச மாட்டார். விமானிகள் தங்களுக்குள் ஒரு பொது அலைவரிசையில் இருப்பிடத்தைச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். இத்தனை இறுக்கமான வெளிக்குள் இவ்வளவு சுதந்திரத்தை முன்பின் தெரியாதவர்களின் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். கண்காணிப்பில்லை என்பதால் நிபந்தனை குறையவில்லை, கூடியிருக்கிறது. எதிரே வருகிறவர் 4,500-இல் இருப்பார் என்று நம்பி நான் 3,500-இல் போகிறேன். அவரும் என்னை அப்படியே நம்புகிறார். இடையில் இருப்பது ஆயிரம் அடிக் காற்று. என் உயரத்தை 100 அடி பிசகவிட்டால் யாரும் அபராதம் போட மாட்டார்கள், பார்க்கவும் மாட்டார்கள். என்னை நம்பிய ஒருவரின் பாதுகாப்பிலிருந்து நூறு அடியை அவருக்குத் தெரியாமல் நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

கோபுரமே இல்லாத விமான நிலையங்களிலும் நிலைமை இதுதான். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் சுமார் 5,000. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை 500-ஐ ஒட்டிய எண்ணிக்கை. மற்ற இடங்களில் வரைபடத்தில் நிலையத்தின் குறி மெஜந்தாவில் இருக்கும். வருகிறவர் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கிறார், வேறு குறிப்பு இல்லாவிட்டால் இடப்பக்கமாகத் திரும்பி வட்டம் போட்டு இறங்குகிறார். ரேடியோவே இல்லாத பழைய விமானமும் சட்டப்படி அங்கே வரலாம். ஆகவே நான் அறிவித்துவிட்டேன் என்பதால் எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று ஆகாது. சொல்லவும் வேண்டும், சொன்ன பிறகு கண்ணால் தேடவும் வேண்டும்.

வரைபடத்தைப் பற்றி இன்னொன்று. அதன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெரிய எண்ணும், அதன் தோளில் ஒரு சிறிய எண்ணும் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் உள்ள மிக உயர்ந்த தரை அல்லது கட்டுமானத்தைக் கணக்கிட்டுத் தரும் உயரம் அது. மலைதான் மிக உயர்ந்தது என்றால், வரைகிறவர்கள் அளந்த உயரத்தை அப்படியே போடுவதில்லை. அளவில் பிழை இருக்கலாம் என்று 100 அடி சேர்க்கிறார்கள். 200 அடிக்குக் குறைந்த கோபுரங்கள் அவர்கள் பதிவுக்கு வராமலே நின்றுகொண்டிருக்கலாம் என்பதால் இன்னொரு 200 அடி. பிறகு அடுத்த நூறுக்கு உயர்த்தி எழுதுகிறார்கள். தனக்குத் தெரியாதது இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போட்டு, அதைப் பிறர் உயிருக்குச் சாதகமான பக்கத்தில் சேர்க்கும் தாள் அது. ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது நாம் இப்படிச் சேர்ப்பதில்லை. கேள்விப்பட்டதை அப்படியே, சில சமயம் கூட்டியும், எழுதிவிடுகிறோம்.

அந்தத் தாளுக்கும் ஆயுள் 56 நாள். அதற்குள்ளும் மாறுதல்கள் வரும்: காட்டுத்தீ, பெரிய விளையாட்டுப் போட்டி, அதிபரின் பயணம். இவற்றுக்காக மூடப்படும் வெளி எந்த அச்சுத்தாளிலும் இருக்காது. கிளம்பும் முன் அன்றைய அறிவிப்புகளைப் படித்தால்தான் தெரியும். 2025 ஜனவரி 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் பாலிசேட்ஸ் தீயின் மேல் அப்படி ஒரு தடை அமலில் இருந்தது. தீயின் சேதத்தைப் பார்க்க ஆசைப்பட்ட ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். அது அவர் பார்வையிலிருந்து மறைந்து, கடலிலிருந்து தண்ணீரை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்த கனடாவின் சூப்பர் ஸ்கூப்பர் விமானத்தின் இறக்கையில் மோதித் துளையிட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் சில நாள்கள் பறக்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 6,000 லிட்டர் தண்ணீரைக் கொட்டக்கூடிய விமானம் அது. ஊர் எரிந்துகொண்டிருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, பழியையெல்லாம் கோட்டைத் தாண்டியவர் தலையில் வைத்துவிட்டுப் போவது நேர்மையாகாது. கோட்டைப் போடுகிறவர்களுக்கும் கடமை உண்டு. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யன் மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் இறந்தார்கள். இரண்டும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் கிளம்பியவை. மோதிய இடம் யாரும் பிரித்துவைக்கும் பொறுப்பை ஏற்காத கட்டுப்பாடற்ற வெளி. 1958-இல் நாடு முழுவதற்கும் ஒரே வான்வெளி நிர்வாகம் ஏற்படும் சட்டம் வர அந்தச் சாவுகள் காரணமாயின. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரி மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தபோது, கஜக் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது உண்மை. டெல்லி வான்வெளியின் பெரும்பகுதி விமானப் படையிடம் இருந்ததும், வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் சேர்த்து ஒரே தடம்தான் விடப்பட்டிருந்ததும் உண்மை. திரையில் உயரத்தைக் காட்டும் ரேடார் அன்று அங்கே இல்லை.

2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் போடோமாக் ஆற்றின் மேல் ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் விமானமும் மோதி 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் தடத்தின் உச்ச வரம்பு 200 அடி. அது அதைத் தாண்டிய உயரத்தில் இருந்தது. ஆனால் விசாரணை வாரியம் இன்னொன்றையும் கண்டுபிடித்தது. கிழக்குக் கரையை ஒட்டி 200 அடியில் சரியாகப் பறந்திருந்தாலும், அந்த ஓடுபாதைக்கு இறங்கி வரும் விமானத்துக்கும் ஹெலிகாப்டருக்கும் இடையே 75 அடிதான் இருந்திருக்கும். வரைபடத்தில் அந்தத் தடத்தை வரைந்தவர்கள், வைத்திருந்தவர்கள், ஆண்டுதோறும் பதிவான நெருங்கிய கடப்புகளைப் பார்க்காமல் விட்டவர்கள் எல்லோருக்கும் அதில் பங்குண்டு. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த நிலையத்தருகே ஒரு கடல் மைலுக்குள், 400 அடிக்குள் விமானமும் ஹெலிகாப்டரும் நெருங்கியது 15,214 முறை என்று பதிவுகளில் இருந்தது. எண்கள் காத்திருந்தன. கேட்பவர் இல்லை.

அப்படியானால் கோட்டைக் கற்பவர் செய்ய வேண்டியது வெறும் கீழ்ப்படிதல் இல்லை. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ 514 என்ற பயணிகள் விமானம் வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி வந்தது. ஓடுபாதைக்கு வெகுதொலைவில், 44 மைலில் இருக்கும்போதே இறங்குவதற்கான அனுமதி கிடைத்தது. தலைமை விமானி கையிலிருந்த வரைபடத்தில், அந்தப் பகுதியில் குறைந்தபட்ச உயரம் 3,400 அடி என்ற எண்ணைக் கண்டார். அதைப் பற்றி விமானியறையில் பேசவும் செய்தார். அனுமதி தந்துவிட்டார்கள் என்றால் இறங்கலாம் என்றுதானே பொருள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, 1,800 அடிக்கு இறங்கினார். மேகத்துக்குள் இருந்த மவுண்ட் வெதர் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். கண்ட எண்ணைக் கேள்வியாக மாற்றி ரேடியோவில் கேட்டிருக்க வேண்டிய சில வினாடிகள் அவை. கட்டுப்பாட்டாளரும் தான் தந்த அனுமதிக்கு விமானி என்ன பொருள் கொள்வார் என்று எண்ணியிருக்க வேண்டும்.

அந்த விபத்தின் விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தி என்னை இன்னும் வருத்துகிறது. சில வாரங்களுக்கு முன், அதே இடத்தில், அதே அனுமதியை அதே விதமாகப் புரிந்துகொண்டு யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று மலைக்கு மிக அருகே போய்த் தப்பியிருந்தது. அதன் விமானிகள் தங்கள் நிறுவனத்திடம் நேர்மையாகச் சொன்னார்கள். நிறுவனம் தன் மற்ற விமானிகளை எச்சரித்தது. அந்தச் செய்தி வேலியைத் தாண்டிப் பக்கத்து நிறுவனத்துக்குப் போகவில்லை. 1976-இல், விமானிகள் தங்கள் பிழையை எழுதி அனுப்பும் அமைப்பு ஒன்று தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அதை நடத்துவது நாசா. தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் யாரும் மனம்திறந்து எழுத மாட்டார்கள் என்பதால் வேறொருவரிடம் கொடுத்தார்கள். கவனப்பிசகாகக் கோட்டைத் தாண்டிவிட்டவர் 10 நாள்களுக்குள் நடந்ததை எழுதி அனுப்பினால், குறிப்பிட்ட வரம்புகளுக்கு உட்பட்டு, தண்டனை விதிக்கப்படுவதில்லை. பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் கொண்டுபோகிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றக்கூடிய உண்மையை மானத்துக்கு அஞ்சி நம் வீட்டுக்குள் பூட்டி வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கடன் தொல்லை, குடிப்பழக்கம், பிள்ளையின் மனநோய் எதுவாயினும், பக்கத்துத் தெருவில் அதே குழியில் இன்னொருவர் விழும்வரை பேசுவதில்லை. இந்த அமைப்பைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் நமக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று மனம் ஏங்குகிறது.

எனவே, வகுப்புகளின் எல்லைகளையெல்லாம் ஒப்பிக்க வைப்பதற்கு முன்பே, மாணவ விமானிக்கு ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும்: 'நான் மாணவ விமானி, நான் இருக்கும் இடம் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.' சொல்வதற்குக் கடினமான வாக்கியம் இது. பத்தொன்பது வயதில் கூச்சம் தடுக்கும். ஐம்பது வயதில் பதவியும் பெயரும் தடுக்கும். நானறிந்து, கீழே ஏதாவது ஒரு சாலையைப் பிடித்துப் போனால் தெரிந்துவிடும் என்று இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கவே மனம் சொல்லும். அந்த ஐந்து நிமிடத்தில் விமானம் பத்து மைல் போய்விடும், எந்தக் கோட்டுக்குள் என்பது தெரியாமலே. அருகிலுள்ள கட்டுப்பாட்டாளரின் அலைவரிசை தெரிந்தால் அதில், தெரியாவிட்டால் அவசரத்துக்கான 121.5-இல், அந்த வாக்கியத்தைச் சொன்னால் பதில் வரும். மாணவர் என்று கேட்டதும் பேச்சின் வேகம் குறையும். நான்கு இலக்க எண் ஒன்றைத் தருவார்கள்; கருவியில் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்கள்; திரையில் அந்த ஒரு புள்ளி மட்டும் தனித்துத் தெரியும். எந்த ஊருக்கு எத்தனை மைல் தெற்கே இருக்கிறாய், எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று சொல்வார்கள். எந்த வகுப்பின் எல்லையைத் தாண்டினாய் என்ற கேள்வி தரையிறங்கிய பிறகு வரும், வரவும் வேண்டும். அதை எழுதி அனுப்பப் பத்து நாள் அவகாசம் இருக்கிறது.